மூன்று சாக்கு வெட்டுத்துணியை என்ன செய்வது?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பத்து வருஷமாக வீட்டில் ஜாக்கெட், சுடிதார் தைக்கிறாராம். வெட்டி மிஞ்சிய துணி மூன்று சாக்கு சேர்ந்துவிட்டது. ஆரி வகுப்புக்குப் போனபோது வாங்கிய மணி, கல், ஜரிகை நூல், ஃபெல்ட் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. மாமியார் எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தச் சொல்கிறார். குவில்ட் தைக்கலாம் என்று பார்த்தால், அதற்கென்று புதுத்துணியும் உள்ளே வைக்கப் பஞ்சுத் தகடும் வாங்க வேண்டும் என்கிறார்கள். கையில் இருப்பதை வைத்தே செய்ய முடியாதா, எங்கே ஆரம்பிப்பது என்பது அவர் கேள்வி.

முடியும். நான் கும்பகோணத்தில் முப்பது வருஷமாகத் தைக்கிறேன், வெட்டுத்துணியில் விரிப்பு தைக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் ஒன்று: கொளுத்த வேண்டாம். ஜாக்கெட் தைக்கிற வீட்டுச் சாக்கில் பாதிக்குப் பாதி பாலியஸ்டர் கலந்திருக்கும். அது எரிந்தால் உருகிச் சொட்டும், புகையும் நெஞ்சுக்குக் கெடுதல்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை ஒட்டித் தைத்த துணி, நடுவே கனம் தருகிற ஏதோ ஒன்று, கீழே ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். அவ்வளவுதான். நடுவில் பஞ்சுத் தகடுதான் வேண்டும் என்பது குளிர் நாட்டு வழக்கம். வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி என்று பழைய சேலைகளை அடுக்கியே தைத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் பச்சைக் குழந்தைக்குக் கீழே போட, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன நூல்சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டு வைப்பார்கள். அதற்குத் தனிப் பெயர்கூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ‘பாட்டி தைத்த துணி’ என்போம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முதன்முதலில் தைத்த பெரிய விரிப்பு வீணானது இதனால்தான். உள்ளே பாலியஸ்டர் பஞ்சுத் தகடு வைத்து, என் தங்கை மகளுக்கு இரட்டைக் கட்டில் அளவில் தைத்துக் கொடுத்தேன். மூன்று மாத வேலை. சித்திரையில் அதன் மேல் படுத்தவர்களுக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஐப்பசி மழையில் துவைத்துப்போட்டது நாலு நாளாகியும் காயாமல் வாடை பிடித்தது. டெல்டாவில் தரையும் காற்றும் ஈரம். இங்கே ஒரு விரிப்பு காற்றாட வேண்டும், ஒரு நாள் வெயிலில் காய வேண்டும். அதனால் நடுவே ஒரு பழைய நூல்சேலை போதும், மார்கழிப் பனிக்கு இரண்டு. இலவம் பஞ்சை இதில் வைக்காதீர்கள். அது தலையணைக்கு நல்லது, விரிப்பில் வைத்தால் நகர்ந்து நகர்ந்து மூலையில் கட்டியாகிவிடும்.

இப்போது சாக்கைக் கொட்டுங்கள். எல்லோரும் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். நான் கடைசியில்தான் நிறம் பார்ப்பேன். முதலில் துணி எது, அதன் வயசென்ன என்று பாருங்கள். பருத்தி ஒரு குவியல்: கேம்பிரிக், பாப்லின், டூ பை டூ, லைனிங் துணி, கைலி, பழைய வேட்டி. பாலியஸ்டரும் ஜார்ஜெட்டும் ஒரு குவியல். பட்டும் ஜரிகையும் ஒரு குவியல். பனியன் துணி, லெக்கிங்ஸ் துணி மாதிரி இழுத்தால் நீளுகிறவை தனி. இவற்றை ஒன்றோடொன்று ஒட்டினால் தைக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் துவைப்பில் பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, நடுவில் தையல் சுருக்கம் விழும்.

எது எதுவென்று தெரியாவிட்டால் இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலும் இருக்கும், உருண்டையும் இருக்கும். அதைப் பாலியஸ்டர் குவியலிலேயே போடுங்கள்.

வயசு பார்ப்பதும் எளிது. துண்டை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து நேர்நூல் பக்கம், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல் பக்கம், ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. ‘சர்’ என்று விட்டுக்கொடுத்தால் அது மேல் துணிக்கு ஆகாது. அப்படிப்பட்ட பழைய சேலை உள்ளே வைக்க அருமையானது, ஏனென்றால் அங்கே அதற்கு வேலை கிடையாது, கனம் மட்டும் தந்தால் போதும். புதிய, முறுக்கான துணி மேலே வரட்டும். ரொம்ப நாள் உழைத்து மெலிந்த துணியை உரசல் படும் இடத்தில் வைத்தால் ஆறு மாதத்தில் அந்தக் கட்டம் மட்டும் கிழியும்.

சாயத்தையும் பார்க்க வேண்டும். அரக்கு, சிவப்பு, கருநீலம், பச்சை இவற்றை நம்பவே கூடாது. ஈரமாக்கி வெள்ளைத்துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை அலசியெடுத்த பிறகுதான் அது சேர வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அதை நம்ப முடியாது, அலசுவதுதான் வழி. கூறைநாட்டுச் சேலை மாதிரிப் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த துண்டு கிடைத்தாலும் இதே கவனம் வேண்டும். ஒரு துண்டை நனைத்துக் காயவைத்து அளந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

சரி, தைக்கலாம். ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கீற்றுத் தையல். இதைப் பழகிவிட்டால் உங்கள் சாக்கில் பாதி காலியாகிவிடும். ஜாக்கெட் வெட்டும்போது மிஞ்சுகிறவை பெரும்பாலும் ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் அகலமுள்ள கோணல்மாணல் கீற்றுகள்தான். சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்தால் அதில் பாதி மறுபடியும் குப்பையாகும். கீற்றாகவே தைத்தால் எதுவும் வீணாகாது.

பழைய வேட்டியிலிருந்து 11 இஞ்ச் சதுரமாகப் பன்னிரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் அடித்துணி, உள்ளேயே நின்றுவிடும். ஒரு சதுரத்தை எடுத்து, மூலைக்கு மூலை ஒரு கீற்றை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். அடுத்த கீற்றை அதன் மேல் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் இஞ்ச் விட்டு ஒரு தையல். பிறகு அதைத் திருப்பி நகத்தால் அழுத்தி நீவுங்கள். அடுத்த கீற்று, மறுபடி கவிழ்த்து, தைத்து, திருப்பி. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இப்படியே மூலை வரை போங்கள். ஒரு கட்டத்துக்குப் பத்துக் கீற்றுக்கு மேல் தாராளமாகப் பிடிக்கும். கீற்று ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்றால் அப்படியே இருக்கட்டும், அதுதான் அழகு. முடிந்ததும் சதுரத்தைத் திருப்பிப்போட்டு, பின்பக்கமிருந்து 10½ இஞ்ச் அளவுக்கு நேராக வெட்டிவிடுங்கள். கால் இஞ்ச் விட்டு ஒட்டித் தைத்தபின் ஒவ்வொன்றும் சரியாக 10 இஞ்ச் நிற்கும். மூன்றுக்கு நாலு என்று பன்னிரண்டையும் ஒட்டினால் 30க்கு 40 இஞ்ச், ஒரு குழந்தை விரிப்பு.

அடித்துணி எதற்கு என்று கேட்பீர்கள். ஜாக்கெட் வெட்டில் மிஞ்சுகிற துண்டுகளில் பாதி கிராஸ் பீஸ், அதாவது நூலுக்குக் கோணலாக வெட்டியவை. நேர்நூலில் வெட்டிய துண்டு அளவு மாறாது, கிராஸில் வெட்டியது இழுத்த பக்கமெல்லாம் போகும். அடித்துணி நேர்நூலில் இருந்தால் மேலே எந்தக் கிராஸ் துண்டு வந்தாலும் அது பிடித்து நிறுத்திவிடும். அதனால் வேட்டியை வெட்டும்போது மட்டும் சோம்பல் படாமல், ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள்.

நிறத்துக்கு வருவோம். உங்களிடம் எது அதிகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்: வெள்ளை, சந்தன லைனிங். எல்லாக் கட்டத்திலும் மூலைக்கு மூலை போகும் முதல் கீற்றை மட்டும் அந்த ஒரே லைனிங் துணியில் வையுங்கள். மற்றவை கைக்கு வந்தபடி வரட்டும். நாலு கட்டத்தைத் திருப்பி வைத்துச் சேர்க்கும்போது அந்த வெள்ளைக் கோடுகள் இணைந்து வைர வடிவம் விழும். ஐம்பது நிறம் இருந்தாலும் அந்த ஒரு கோடு எல்லாவற்றையும் கட்டிப்போடும். எதையும் நிறம் பொருந்தவில்லை என்று ஒதுக்கத் தேவையே இருக்காது. நிறத்தைவிட வெளிச்சம் முக்கியம். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அடர்த்தியானது எது, வெளிறியது எது என்று தெரிந்துவிடும். அடர்த்தியானவை எல்லாம் ஒரே மூலையில் குவியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுக்குவதற்குப் பெரிய தரை வேண்டும். கீழ்த்துணியைக் கவிழ்த்து விரித்து, அதன் மேல் நடுச்சேலை, அதன் மேல் ஒட்டிய துணி. கீழ்த்துணியும் நடுத்துணியும் நாலு பக்கமும் இரண்டு இஞ்ச் கூடுதலாக, 34க்கு 44 என்று வெட்டிக்கொள்ளுங்கள். இந்த அளவுக்கு அரைச் சேலையே போதும், இரண்டு துணியும் அதிலேயே வந்துவிடும், நடுவே இன்னொரு அடுக்கு வேண்டுமென்றாலும் வரும். பிறகு நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்து நீட்டு நீட்டாகக் கச்சாத் தையல், கடைசியில் பிரித்துவிடுகிற தற்காலிகத் தையல். இதை விடவே கூடாது. விட்டால் கீழ்த்துணியில் மடிப்பு விழுந்து, பிரிப்பதே வேலையாகிவிடும்.

அப்புறம் கையால் ஓட்டுத்தையல். மிஷினிலும் ஓட்டலாம். ஆனால் வீட்டு மிஷினில் இத்தனை அடுக்கை ஓட்டினால் மேல் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். கையால் தைத்தால் துணி இளகி இருக்கும், படுக்கச் சுகமாகவும் இருக்கும். நடுவில் தொடங்கி வெளியே போங்கள். இரண்டு இஞ்சுக்கு ஒரு வரி. நடுவே இருப்பது பழைய சேலை என்பதால் வரிகள் நெருங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துவைக்கும்போது உள்ளே கிழிந்து சுருண்டுகொள்ளும். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், மூன்றைப் பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள். பாதி தீர்ந்த நூல்கண்டுகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. வரிக்கு ஒரு நிறம் வந்தாலும் நன்றாகவே இருக்கும். காந்தா தைத்த பெண்கள் பழைய சேலைக் கரையிலிருந்தே நிறநூலை உருவி எடுத்துத் தைத்தார்கள். கடைசியாக, கூடுதலாக விட்ட நடுத்துணியை மட்டும் மேல் துணியின் விளிம்போடு வெட்டிவிட்டு, கீழ்த்துணியை முன்பக்கம் இரண்டு மடிப்பாக மடித்து ஹெம்மிங் செய்தால் ஓரப்பட்டிகூடத் தனியாக வேண்டாம்.

குழந்தை விரிப்பு வந்துவிட்டால் கட்டில் விரிப்பும் அதே கணக்குத்தான். ஆறுக்கு ஒன்பது என்று 54 கட்டம், 60க்கு 90 இஞ்ச். அவசரம் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு கட்டம் என்றாலும் அரை வருஷத்தில் ஆகிவிடும்.

பட்டுக் குவியலைப் பற்றி எனக்கு ஆசை அதிகம். திருபுவனம், தாராசுரம் தறிகள் இருக்கிற ஊர்ப்பக்கம் நாம். கல்யாண ஜாக்கெட் வெட்டில் மிஞ்சும் பட்டுத்துண்டு எல்லாத் தையல்காரர் வீட்டிலும் இருக்கும். இதை விரிப்பில் சேர்க்காதீர்கள். பட்டும் பருத்தியும் ஒரே மாதிரி துவைக்க முடியாது, ஜரிகை உரசி உரசிப் பக்கத்துத் துணியை அறுக்கும். பட்டுக்கு நம் ஊரிலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்து 96 அடி உயரம் நிற்கும்போது மரத்தட்டுக்கு மேலே கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் மூங்கிலும் துணியும்தான். தேர்ச்சீலை, உருளையாகத் தொங்கும் தொம்பை, வாசலில் கட்டும் வாசமாலை எல்லாம் துணியை வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைத்த ஒட்டுவேலை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்றும் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். குவில்ட் என்ற சொல் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே துண்டுத்துணியில் யானையும் யாளியும் பண்ணிய ஊர் இது.

அதனால் பட்டுத்துண்டுகளை வாசமாலையாகவோ, பூஜையறைத் தோரணமாகவோ, நவராத்திரிக் கொலுப்படிக்கு முன்தொங்கலாகவோ தைக்கலாம். துவைக்க வேண்டியதில்லை, உரசல் இல்லை, வருஷத்தில் பத்து நாள்தான் வெளியே வரும். கனமான பருத்தி அடித்துணியில் பட்டுத்துண்டுகளைக் கண்டபடி பரப்பி, ஓரங்களை உள்ளே மடித்துக் கையால் தைத்து, சேர்க்கிற கோட்டின் மேல் சங்கிலித் தையலோ மீன்முள் தையலோ போடுங்கள். உங்கள் டிரங்குப் பெட்டி திறக்க வேண்டிய இடமும் இதுதான். ஆரி நூல், கண்ணாடி, சமிக்கி, குந்தன் கல் எல்லாம் இங்கே சேரும். ஒரு பழைய பட்டுச்சேலையையே வெட்ட நினைத்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்து நல்ல ஜரிகை என்றால் உள்ளே வெள்ளி இருக்கும், அதற்கு விலை உண்டு. விவரம் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டிவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

மணியும் கல்லும் குழந்தை விரிப்பில் ஒன்றுகூட வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஒரு நாள் நூல் அறும், குழந்தை வாயில் போடும். பசை தடவிக் கல் ஒட்டிய துண்டும் வேண்டாம், அந்த இடத்தில் ஊசி இறங்காது. ஃபெல்ட் துவைத்தால் திரள்கிற துணி, தொங்கலில் பூ வெட்டி வைக்க மட்டும் வையுங்கள்.

பாலியஸ்டர் குவியலை வைத்துச் சந்தைப்பையும் கால்மிதியும் தைக்கலாம். ஒயர் கூடை பின்னி மிஞ்சிய ஒயர் இருந்தால் பைக்குக் கைப்பிடி ஆயிற்று. அடுப்படியில் பாத்திரம் பிடிக்கும் துணிக்கு மட்டும் பாலியஸ்டர் ஒரு நூல்கூட வரக் கூடாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். அதற்குப் பருத்தியை ஆறு அடுக்காக வைத்துத் தையுங்கள்.

விரல் நீளம்கூட இல்லாத நறுக்குகள் மிஞ்சும். பருத்தி நறுக்குகளை ஒன்றோடொன்று முறுக்கி, கயிறு திரிப்பதுபோலத் திரித்துக்கொண்டே, புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனால் கஜக்கணக்கில் துணிக்கயிறு வரும். அதைச் சுருட்டி ஊசியால் பிடித்துவிட்டால் நல்ல பிரிமணை, வெண்கலப்பானைக்கும் தாங்கும். சும்மாடும் இப்படியே சுற்றலாம். இதற்கும் வராத தூள் துணி ஊசிக்குத்திக்குள் போகட்டும்.

அமெரிக்காவில் அலபாமா ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். பருத்தி வயலில் உழைத்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளையும் கையில் கிடைத்த துண்டுகளையும் வைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த கால்சட்டைத் துணி அப்படியே அதில் தெரியும், கோடுகள் நேராக இருக்காது. 2002-இல் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள், 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலை போட்டது. என்னிடம் பழக வருகிறவர்கள் கோடு கோணிவிட்டது என்று வருத்தப்படும்போது நான் அந்தப் போர்வைகளின் படத்தைத்தான் காட்டுவேன். அந்தப் பெண்கள் துணியின் போக்கில் போனார்கள். நீங்களும் அளவுக் கட்டையைக் கட்டத்தின் ஓரத்தை வெட்ட மட்டும் எடுங்கள்.

துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நனைந்த விரிப்பு கனக்கும். ஒரே கொடியில் மடித்துப்போட்டால் அந்த இடத்தில் தையல் இழுபடும். இரண்டு கொடியில் பரப்பிப் போடுங்கள், அல்லது மொட்டைமாடியில் பாய் விரித்து அதன் மேல் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துவைக்கவே வேண்டாம். மழைக்கு முன் ஒரு நல்ல வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோ வசம்போ ஒரு துணியில் முடிந்து உள்ளே வைத்து எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். பழைய தலையணை உறை போதும்.

நடுவில் வைக்கிற சேலையை எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டாம். உங்கள் மாமியாரிடமே கேளுங்கள். கட்டிக் கட்டி மெலிந்து, வெளியே கட்டவும் முடியாமல், தூக்கிப்போடவும் மனமில்லாமல் மடித்து வைத்த நூல்சேலை ஒன்றாவது அவர் பெட்டியில் இருக்கும். பன்னிரண்டு கட்டத்தையும் ஒட்டி முடித்துவிட்டு, அதை அவர் முன்னால் விரித்துக் காட்டிக் கேளுங்கள். சேலையை எடுத்து வந்தால், கச்சாத் தையல் போட ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.